கோணமலையும் கோணமானியும்

பத்திரிகையாளனுக்குப் பேனாவே மூலதனம் என்பார்கள். 46 ஆண்டுகள் இத்தொழிலில் கிடந்து உழன்றவன் என்ற வகையில், அது பாதி உண்மை என்றே சொல்வேன். தலைநகரில் மேசைக்கு முன்னால் அமர்ந்து ஆசிரியத் தலையங்கம் எழுதுவோருக்கு அது பொருந்தலாம். பிராந்தியச் செய்தியாளனுக்கோ மூலதனம் அவனுடைய கால்கள்தாம். கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் வைத்தியசாலைப் பிரேத அறைக்கும் நாள் தவறாமல் நடந்தவன் நான். மூதூர் செல்வதற்காக இறங்குதுறையில் மணிக்கணக்காக நின்றவன். 2009-ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என்று நாங்கள் அழைத்த மிதவையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டே நீரைக் கடந்தவன். அந்தக் கால்களில் வலது கால் ஒருநாள் இனி இயலாது என்று சொல்லிவிட்டது.

கடந்த காலத்தில் நான் எதுவும் எழுதாமல் இருந்தது குறித்து ரொறன்ரோவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் சிட்னியில் இருந்தும் நண்பர்கள் விசாரித்தார்கள். யாருக்கோ பயந்து ஒதுங்கிவிட்டேனோ என்று கேட்டவர்களும் உண்டு. காரணம் அரசியல் அல்ல, முழங்கால். சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குப் பின்னர் வரும் மாதங்களைப் பற்றிச் சொல்வோர் குறைவு. ஆகவே அதைச் சற்று விரிவாக எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். என் வயதை ஒத்த வாசகர்கள் பலருக்கு இது உதவக்கூடும்.

நோவு பத்து ஆண்டுகளாக இருந்தது. 2022-ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் மூழ்கியபோது, எரிபொருள் வரிசைகளில் நின்றும், பெற்றோல் இல்லாமல் எங்கும் நடந்தும் அது முற்றியது. அதே ஆண்டில்தான் மருந்துத் தட்டுப்பாட்டினால் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் நாடெங்கும் தள்ளிவைக்கப்பட்டன. முழங்கால் எவருக்கும் அவசரமல்லவே! இரவில் புரண்டு படுத்தாலே விழிப்பு வரும் நிலை வந்த பிறகு, 2024 நவம்பர் மாதக் கடைசியில், கொழும்பில் என் வலது முழங்கால் மாற்றப்பட்டது. அப்போது எனக்கு வயது 68.

'மாற்றுதல்' என்ற சொல் ஆளை மிரட்டுகிறது. உண்மையில் மூட்டை முழுவதுமாக வெட்டி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுவதில்லை. இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் அவற்றைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான பகுதியைப் பாடசாலையில் கசியிழையம் என்று படித்தோம். தமிழகத்தில் குருத்தெலும்பு என்பார்கள். அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். சத்திரசிகிச்சையில் தொடை எலும்பின் நுனியைச் சில மில்லிமீற்றர் அளவுக்குச் சீவி, கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத்தால் ஆன கவசம் ஒன்றை அணிவிக்கிறார்கள். கீழ்க்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டு ஒன்று, பெரும்பாலும் டைட்டேனியம். இரண்டுக்கும் இடையில் மிகக் கடினமான பொலிஎதிலீன் துண்டு. எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரிடம் இதை விளக்கியபோது, "அப்ப இது கதவுப் பிணைச்சல் வேலைதானே அண்ணை" என்றார். ஏறத்தாழ அப்படித்தான். ஒரு வித்தியாசம், கதவுப் பிணைச்சலைச் சுற்றித் தசையும் நரம்பும் பயமும் இல்லை.

இந்த வடிவத்தின் மூலம் 1974-இல் நியூயோர்க்கில் உருவானது. அதை உருவாக்கிய குழுவில் இருந்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத். இப்பெயர் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். இந்தியப் பிரதமராயிருந்த வாஜ்பாயின் இடது முழங்காலை 2000 ஒக்டோபரிலும், வலது முழங்காலை 2001 ஜூனிலும் மும்பாயில் மாற்றியவர் அவரே. இரண்டாவது முழங்கால் மாற்றப்பட்டு ஆறு கிழமைகள்கூட ஆகாத நிலையில் ஆக்ரா உச்சிமாநாட்டில் முஷாரப்பை வாஜ்பாய் எதிர்கொண்டார். அந்நாட்களில் அவர் மெதுவாக நடப்பதை நாங்கள் செய்தி அறையில் வேடிக்கையாகப் பேசினோம். ஐந்தாம் கிழமையில் ஒருவன் நிமிர்ந்து நிற்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

சத்திரசிகிச்சைக்கு மறுநாட் காலையிலேயே எழுப்பி நிற்க வைத்தார்கள். அசையாமல் கிடந்தால் காலின் நாளங்களில் குருதி உறையும், அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று தாதி சொன்னார். படுத்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னதும் அதற்காகவே. வோக்கரைப் பிடித்து நான்கு எட்டு வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நான்கு எட்டுக்களை நான் வைத்ததில்லை.

ஐந்தாம் நாள் வானில் குருநாகல், ஹபரணை, கந்தளாய் வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். மார்கழி பிறக்கும் முன்னரே வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டிருந்தது. உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தால் உட்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெருமை பேசுகிற அந்த நீரை, காலை உயர்த்தி வைத்துக்கொண்டு, ஐஸ் பொதியைச் சுற்றிக்கொண்டு, மழைத்திரைக்கு ஊடாகப் பார்த்திருப்பதே என் அலுவலாயிற்று.

இனித்தான் கதை தொடங்குகிறது.

கிழமைக்கு இரண்டு நாள் இயன்மருத்துவத்துக்குப் போகவேண்டும். பிசியோதெரபி என்றால்தான் ஊரில் விளங்கும். எனக்கு வாய்த்த இயன்மருத்துவர் மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்த இளம்பெண். என் மகளிலும் இளையவர். முதல் நாளே கையில் பிளாஸ்ரிக் கருவி ஒன்றுடன் வந்தார். இரண்டு அடிமட்டங்களை நடுவில் ஆணியடித்துச் சேர்த்தது போன்ற தோற்றம். "இது கோணமானி ஐயா. உங்கட கால் எத்தினை பாகை மடங்குது எண்டு பாக்கப்போறன்" என்றார். கோணமலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அறுபத்தெட்டு வயதில் கோணமானி வைத்து அளவெடுக்க வேண்டியிருக்கிறதே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "58" என்று எழுதிக்கொண்டார்.

இந்தப் பாகைக் கணக்கை வாசகர்கள் அறிந்திருத்தல் நல்லது. கால் முழுவதும் நீட்டியிருந்தால் சுழியம். சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 65 பாகை மடங்கவேண்டும். படி ஏற 85 முதல் 90 வரை வேண்டும். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்புவதற்கு 95-க்கும் 105-க்கும் இடையில். குந்தியிருப்பதற்கும் சம்மணம் கட்டுவதற்கும் 130-க்கு மேல். ஆக, மனிதனுடைய சுதந்திரத்தைப் பாகையால் அளக்கலாம். 58 பாகை உள்ளவன் தன் வீட்டுக்குள்ளேயே சிறை இருக்கிறான்.

மடக்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள், நீட்டுவதை மறந்துவிடுவார்கள் என்பது அப்பிள்ளையின் முதல் எச்சரிக்கை. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும். ஆனால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகி, பிறகு ஆயுள் முழுவதும் நொண்டி நடக்க நேரிடும். ஆகவே தலையணையைக் குதிக்காலுக்குக் கீழே மட்டும் வைக்கவேண்டும். தொடையின் முன்தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடவேண்டும். குதிக்காலைப் பாயில் இழுத்து இழுத்து மடக்கவேண்டும். காலை நேராக வைத்து ஒரு சாண் உயர்த்தவேண்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஒரு நாளில் மூன்று முறை.

ஒரு சாண் உயர்த்துவது என்ன பெரிய காரியம் என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். மூளை கட்டளை அனுப்புகிறது, தொடை அசையவில்லை. அது என் தொடையே இல்லை என்பது போலக் கிடந்தது. மூட்டு வீங்கியிருக்கும்போது அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்திகள் அம்மூட்டைக் காக்கும் நோக்கில் தொடைத் தசையை அடக்கிவிடுகின்றனவாம். சோம்பலும் அல்ல, கோழைத்தனமும் அல்ல, உடலின் தற்காப்பு. அதனால்தான் வீக்கத்தை வற்றச் செய்வதும் தசையை எழுப்புவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் ஆகின்றன. இதைக் கேட்டபோது எனக்குப் பெரிய ஆறுதல் உண்டாயிற்று. காரணம் தெரிந்த நோவைத் தாங்குவது இலகு.

ஊர் என்று ஒன்று இருந்தால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. கன்னியா வெந்நீரூற்றில் ஒரு மண்டலம் குளித்தால் போதும் என்றார் உறவினர் ஒருவர். இராவணன் தன் தாயின் அந்தியேட்டிக்காக வாளால் குத்தி உண்டாக்கியவை என்று ஐதீகம் சொல்லும் அந்த ஏழு கிணறுகளும் எனக்குச் சிறுவயதில் இருந்தே உறவு. ஏழிலும் ஏழு விதமான சூடு. வாதநோய்க்கு அந்த நீர் நல்லது என்று தலைமுறைகளாக நம்புகிறோம். மூட்டுப் பிடிப்புக்கு வெந்நீர் இதம் தரும் என்பதை மருத்துவமும் மறுப்பதில்லை. ஆனால் புதிதாக வெட்டித் தைத்த காலுக்கு வேண்டியது குளிர், வெப்பமல்ல. காயம் முற்றாக ஆறும் முன்னர் பொதுக் கிணற்று நீர் அதில் படுவதும் ஆபத்து. உலோகம் வைத்த மூட்டில் கிருமி தொற்றினால் சிலவேளை வைத்ததைக் கழற்றி எடுக்கவேண்டி வரும். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி உருவச் சொன்னவர்களுக்கும் இதே மறுமொழியைச் சொல்லவேண்டியிருந்தது. நம் முறிவு வைத்தியர்களின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனால் இது அவர்கள் அறிந்த முழங்கால் அல்ல.

பயிற்சி அறையில் நான் தனித்திருக்கவில்லை. இம்மாவட்டத்தின் மூவினமும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே குரலில் முனகும் இடம் அது. அரசியல்வாதிகள் வந்து பார்க்கவேண்டிய காட்சி.

திருக்கடலூரைச் சேர்ந்த கடற்றொழிலாளி ஒருவர் வந்தார். வள்ளத்தைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு பிளந்து, தகடு வைத்திருந்தார்கள். என்னிலும் நன்றாக நடந்தார். ஆனாலும் முகத்தில் தெளிவில்லை. "தரையில நடக்கிறது பெரிய விசயமில்ல ஐயா. ஆடுற வள்ளத்தில நிண்டு வலை இழுக்கவேணும். அதுதான் எனக்கு நடை" என்றார். அவருக்கு வேறு விதமான பயிற்சி. மடித்த மெத்தைத் துண்டின்மேல் ஒற்றைக் காலில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். மூட்டுக்கும் ஒரு புலன் இருக்கிறது. தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணின் உதவியின்றி அது அறியும். காயத்தில் அந்த அறிவும் மழுங்கிவிடும். அதைத் திரும்பக் கற்பிக்க வேண்டும்.

புல்மோட்டையில் இருந்து ஓர் உம்மா வந்தார். என்னைப் போலவே மாற்றிய முழங்கால். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மகள், நான் திரும்ப சுஜூது செய்யேலுமா?" நெற்றியை நிலத்தில் பதிக்க முழங்கால் முற்றாக மடங்கவேண்டும், உடற்பாரமும் அதில் இறங்கும். "கதிரையில இருந்து தொழலாம்தானே உம்மா, நோயாளிக்கு அந்த அனுமதி இருக்குத்தானே" என்றார் இயன்மருத்துவர். "அனுமதி இருக்கு மகள், ஆசையும் இருக்கே" என்றார் அவர். அறையில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த உம்மா மூன்று தடவைதான் வந்தார். புல்மோட்டையில் இருந்து நகருக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் கிழமையில் பேருந்தின் உயரமான படியில் ஏறுவதும் இறங்குவதும் எப்படிப்பட்ட தண்டனை என்பதை நான் அறிவேன். முச்சக்கர வண்டி பிடித்தால் ஒருநாட் கூலி போய்விடும். அவர் வராததைக் கண்ட இயன்மருத்துவர், மகனுடைய தொலைபேசிக்கு வட்ஸ்அப்பில் அழைத்து, வேலை முடிந்த பின்னர் மாலை நேரத்தில் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பயிற்சி கொடுத்தார். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. இதை எழுதவேண்டாம் என்றார். அவருடைய பெயரை மட்டும் எழுதாமல் விடுகிறேன்.

இன்னொருவர், முதுகு நோவுக்காக வந்தவர். 1990-களில் மிதிவெடியில் ஒரு பாதத்தை இழந்தவர். செயற்கைக் காலைக் கழற்றி வாங்கின்மேல் வைத்துவிட்டு என் தழும்பை ஆர்வத்தோடு பார்த்தார். "முழங்காலை மிச்சம் விட்டது என்ர அதிஷ்டம் அண்ணை. அது இருந்தாப் பாதி கால் இருந்த மாதிரி" என்றார். அவர் சொன்னது அனுபவ மொழி மட்டுமல்ல. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் நடப்பதற்கு மற்றவரிலும் கால்வாசி அளவு கூடுதலான சக்தியைச் செலவிடுகிறார். முழங்காலுக்கு மேலே இழந்தவர் அரைவாசிக்கு மேல் கூடுதலாகச் செலவிடுகிறார். வேண்டி, நாள் குறித்து, மயக்கம் கொடுக்கப்பட்டு வெட்டப்பட்ட என் கால், ஒரு நொடியில் பறிக்கப்பட்ட அவர் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று நான் முனகவில்லை.

அவர் அணிந்திருந்தது ஜெய்ப்பூர் கால். 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. அக்காலத்து மேலைநாட்டுச் செயற்கைப் பாதங்கள் சப்பாத்து அணிந்து கதிரையில் அமர்வோருக்காகச் செய்யப்பட்டவை. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவனுக்கும், குந்தியிருந்து வேலை செய்கிறவளுக்கும் அவை பயன்படவில்லை. சர்மாவும் சேத்தியும் நம் வாழ்க்கைக்கு ஏற்ற காலைச் செய்தார்கள். 1981-இல் திருச்சிக்கு அருகே நடந்த விபத்தினால் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் அதை அணிந்துதான் 1984-இல் மீண்டும் மேடையேறினார். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போரின் காலமெல்லாம் எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறது.

செயற்கை முழங்காலுக்கும் இதே சிக்கல் உண்டு. அதுவும் கதிரை நாகரிகத்தின் பிள்ளை. ஆசிய மக்கள் குந்துவார்கள், நிலத்தில் அமர்வார்கள் என்பதைக் கருதி, கூடுதலாக மடங்கக்கூடிய வடிவங்கள் பின்னாளில் வந்தன. ஆனால் கிடைத்த பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகள் பல சொல்லின. சத்திரசிகிச்சைக்கு முன் முழங்கால் எவ்வளவு மடங்கியதோ அதுவே பின்னர் மடங்குவதையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நான்காம் கிழமையில் நான் 76 பாகையில் நின்றுவிட்டேன். ஐந்தாம் கிழமையும் 76. கோணமானியை வைக்கும் முன்னரே எனக்குத் தெரிந்துவிடும். ஆறாம் கிழமை நிபுணரைச் சந்திக்கும்போது 90-ஐ எட்டாவிட்டால், சற்றுப் பொறுத்துப் பார்த்து, திரும்ப மயக்கம் கொடுத்துக் காலை வலிந்து மடக்க நேரலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். உள்ளே தழும்புத் திசு இறுகத் தொடங்கினால் நாட்கள் செல்லச் செல்ல அது கயிறு போலாகிவிடும். அந்தக் கிழமை நான் நன்றாக உறங்கவில்லை. மயக்க மருந்துக்குப் பயந்து அல்ல. உவர்மலை இறக்கத்தில் இருந்து துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் இனி யாரோ ஒருவர் என்னை ஏற்றி இறக்க வேண்டியிருக்குமோ, விறாந்தையில் இருந்து பார்க்கும் துண்டுக் கடலோடு என் ஊர் முடிந்துவிடுமோ என்ற பயம்.

இயன்மருத்துவர் செய்தது எளிமையானது. நோ மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக எடுக்கச் சொன்னார். பயிற்சியைச் சிறு சிறு துண்டுகளாக்கி நாளில் ஆறு தடவையாக மாற்றினார். முடிந்ததும் ஐஸ். உயரமான கதிரையில் அமர்த்தி, நல்ல காலால் நோயுற்ற காலைப் பின்னுக்குத் தள்ளி, அங்கேயே பிடித்து, மூச்சை விடச் சொன்னார். "மூச்சைப் பிடிச்சா கால் இறுகும் ஐயா. நீங்க காலோட சண்டை பிடிக்கிறியள். கதை சொல்லுங்கோ" என்றார். நானும் சொன்னேன். ஊரடங்குக் காலக் கதைகள், தணிக்கை அதிகாரியின் கதைகள். கதை சொல்லும்போது கால் தன்பாட்டுக்கு மடங்கியது. நிபுணரிடம் போகும் முதல்நாள் கோணமானி 92 காட்டியது. அந்தப் பிள்ளை அன்றுதான் சிரித்தார்.

வோக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறினேன். வலது கால் நோயுற்றால் கோலை இடது கையில் பிடிக்கவேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கோலும் நோயுற்ற காலும் ஒன்றாக முன்னே செல்லும்போது பாரம் இரண்டுக்கும் பகிரப்படும். இயற்கையான நடையில் கைவீச்சும் அப்படித்தான். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோயுற்ற கால் முதலில். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் விழமாட்டீர்கள்.

ஜனவரி 24-ஆம் திகதி நான் கடற்கரைக்குப் போனேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் போவது வழக்கம். 2006 ஜனவரி 2 மாலை, அங்கே காந்தி சிலைக்கு அருகில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள், அவர்கள் சுடப்பட்டே இறந்தார்கள் என்பதை உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24-ஆம் திகதி காலை சுகிர்தராஜன் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர்களின் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019-இல் விடுவிக்கப்பட்டார்கள். 19 ஆண்டுகள் கழித்து, ஊன்றுகோலோடு, மழை ஓய்ந்த ஈரத் தரையில், முச்சக்கர வண்டியில் இருந்து இறங்கி முந்நூறு மீற்றர் நடந்தேன். முழங்கால் வீங்கியது, இரவு முழுவதும் ஐஸ் வைத்தேன். எந்தப் பாகைக் கணக்கிலும் சேராத நடை அது. எங்களில் சிலருக்கு நடப்பதற்குக் கால்கள் மிஞ்சியிருக்கின்றன. அந்த மிச்சத்தைப் பேணுவது ஒரு கடமை போலவும் எனக்குப் பட்டது.

மார்ச்சில் கடல் தணிந்தது. காயம் முற்றாக ஆறியிருந்தபடியால் உப்புவெளிப் பக்கம் அலையற்ற இடத்தில் இறங்கி நடக்க அனுமதி கிடைத்தது. இடுப்பளவு நீரில் நிற்கும்போது காலில் இறங்கும் உடற்பாரம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. நெஞ்சளவு நீரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடந்தேன். நீர் தாங்கவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. தசைக்கு இரண்டும் நல்லது. அப்போது ஆர்தர் சி. கிளார்க்கின் நினைவு வந்தது. 1956-இல் மைக் வில்சனுடன் சுவாமிமலையின் அடியில் மூழ்கி, 1622-இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர். 1962-இல் உடல் செயலிழந்து மீண்டவர். முதுமையில் சக்கர நாற்காலியில் இருந்தவர். நடக்க இயலாதபோதும் நீருக்கடியில் தம்மால் முழுமையாக இயங்க முடிகிறது என்று சொன்னவர். அதை முன்னர் எழுத்தாளரின் மிகைக்கூற்று என்று எண்ணியிருந்தேன். அது எளிய பௌதிகம்.

சித்திரைக்குப் பின் ஒருநாட் காலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் இறங்கி, கோணேசர் கோயில் வரை மெதுவாக ஏறினேன். இடையில் மூன்று தடவை நின்றேன். மரநிழலில் நின்ற புள்ளிமான்கள் என்னைப் பொருட்படுத்தவில்லை. இறங்குவதுதான் கடினம் என்பதை அன்று அறிந்தேன். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டும்.

இன்று என் கோணம் 116. இனி அதிகம் கூடாது. நிலத்தில் சம்மணம் கட்டி வாழையிலையில் சாப்பிடுவது என்பது முடிந்த கதை. முழங்காலூன்ற முடிவதில்லை, தழும்பின் வெளிப்புறத்தில் ஒரு பகுதி மரத்தே கிடக்கிறது. சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. மறுபுறம், செயற்கை முழங்கால்களில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்று 2019-இல் வெளியான பெரிய ஆய்வொன்று சொல்கிறது. என் வயதுக்கு அது போதும். இரவில் உறங்குகிறேன், கடைத்தெருவுக்கு நடந்து போகிறேன், செய்தி தேடுகிறேன்.

திருக்கடலூர்க்காரர் மீண்டும் கடலுக்குப் போகிறார். ஒருநாள் பாரை மீன் கொண்டுவந்து தந்தார். புல்மோட்டை உம்மா 100 பாகையைத் தாண்டிவிட்டாராம். கதிரையில் இருந்து தொழுகிறார்.

முழங்கால் மாற்ற எண்ணியிருக்கும் வாசகர்கள் நிபுணரின் பெயரை விசாரிப்பார்கள், உலோகம் எந்த நாட்டில் செய்தது என்று விசாரிப்பார்கள். கூடவே இன்னொன்றையும் விசாரியுங்கள்: வீடு திரும்பிய பின் முதல் மூன்று மாதம் இயன்மருத்துவரிடம் எப்படிப் போய்வருவீர்கள்? வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் புல்மோட்டையிலும் இருப்பவர்களுக்கு அதற்கான மறுமொழி இன்னமும் பேருந்தின் உயரமான படியில்தான் தொங்குகிறது. வெட்டித் தைப்பதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். மடக்கி நீட்டக் கற்பிப்பதற்கு ஆளும், நாளும், அருகில் ஓர் அறையும் வேண்டும்.